சனிக்கிழமைப் புல்

கொக்கி கழன்றுவிட்டது, வாட்ச்தான் வரவில்லை. அப்பாவின் இடது மணிக்கட்டு விடிவதற்குள் வீங்கி, பட்டை சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தினேஸ்வரி விரலில் நல்லெண்ணெயைத் தொட்டு, பட்டைக்கு அடியில் விட்டு, குழந்தையின் கையிலிருந்து வளையல் கழற்றுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள்.

“பலமா இழுங்கக்கா,” என்றான் சவப்பெட்டிக் கடையிலிருந்து வந்த ஆள். “பேட்டரி இருக்குற சாமான் எதையும் உள்ள வுட மாட்டாங்க. எரிக்கிறப்ப வெடிச்சிரும்லா.”

அவனுக்கென்ன, இழுத்துவிடலாம். தினமும் யாராவது ஒருவரின் கையைப் பிடிக்கிறவன். தினேஸ்வரி இந்தக் கையைத் தொட்டே இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஈப்போவிலிருந்து பீடோருக்கு ஒரு மணி நேர ஓட்டம்தான். ஆனாலும் வரவில்லை. வாட்ச்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

கடைசியில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் இருந்த தோல் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. வாட்ச்சின் பின்பக்கத்துப் பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டுச் சட்டென்று ஜிப்பை இழுத்தாள்.

அப்பா பிச்சைமுத்து அறுபத்தெட்டு வயதில், நேற்று சனிக்கிழமை மத்தியானம், தன் வீட்டு ஹாலில், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார். நெஞ்சுவலி. வீட்டில் யாரும் இல்லை. அம்மா நவமணி இரண்டு தெரு தள்ளி, ஷர்மினி என்ற பெண்ணின் வளைகாப்புக்குப் போயிருந்தாள். நாலு பத்துக்குத் திரும்பி வந்து தொட்டுப் பார்த்தபோது கை சில்லிட்டிருந்தது. ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது எஸ்டேட்டை விட்டு வந்தவர்கள் வாங்கிய மலிவு வீடுகள், தாமான் என்கிற அந்தக் குடியிருப்பில். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த இடத்தில் மனிதர் யாருக்கும் கேட்காமல் செத்திருக்கிறார்.

“நல்ல சாவும்மா,” என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். “ஒரு நாள் படுக்கல. ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கல.”

தினேஸ்வரி ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். ஆனால் தொந்தரவு வந்திருந்தது. நேற்று இரண்டு ஏழுக்கு, அவளுடைய கைப்பேசிக்கு. இரண்டு ஒன்பதுக்கு அவளே அதை வாயடைத்து அனுப்பியிருந்தாள். இது இந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாட்ச் தம்பி சுரேனின் யோசனை. ஜொகூரில் கணினி வேலை பார்க்கிறவன், போன தீபாவளிக்கு அதை ஒரு வெள்ளைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்தான். இதயத் துடிப்பு, நடை, தூக்கம் என்று எல்லாவற்றையும் அது எழுதும். எழுதியதை ஒரே கம்பெனியின் கணக்கில் வைக்காமல், பிளாக்செயின் என்று, ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். ஆஸ்பத்திரியோ இன்சூரன்ஸோ ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. யார் யார் பார்க்கலாம் என்பது அப்பாவின் இஷ்டம்.

அப்பாவுக்கு இதில் பாதி புரியவில்லை. ‘மாற்ற முடியாது’ என்றதும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கம்பெனிக்காரனே நெனச்சாலும் அடிச்சித் திருத்த முடியாதா?”

“முடியாதுப்பா. கீழ புதுசா எழுதலாம். மேல எழுதுனது எழுதுனதுதான்லா.”

“அப்பக் கட்டிவுடு.” கையை நீட்டினார். “எங்கப்பா காய்ச்சலோட பால்மரம் வெட்டப் போயி மரத்து நெரையிலயே விழுந்து செத்தாரு. அன்னிக்கிக் காலைல எஸ்டேட் ஆஸ்பத்திரில மருந்து குடுக்குற டிரெஸர் கார்டுல ‘வேலை செய்யலாம்’னு எழுதிக் குடுத்தான். சாயங்காலம் பாத்தா ‘லீவு குடுத்தாச்சி’ன்னு மாத்தி எழுதியிருக்கான். அதுக்கப்புறம் எவன கேக்குறது?”

அன்றைக்கே கட்டிக்கொண்டார். குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

ஆபத்து என்று வாட்ச் நினைத்தால் முதலில் தினேஸ்வரிக்குச் செய்தி வரும். ஐந்து நிமிடத்தில் அவள் பதில் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ரூபனுக்குத் தானாகவே அழைப்பு போகும். ரூபன் லாரி ஓட்டுகிறவன். சனி ஞாயிறு வீட்டில்தான் கிடப்பான். நல்ல ஏற்பாடு, ஒரு குறை சொல்ல முடியாது.

குறை புல் வெட்டும் மெசினால் வந்தது. எஸ்டேட் போனாலும் மாரியம்மன் கோயில் அங்கேயே இருந்தது, அதைச் சுற்றிப் புல்லும் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் சாப்பிட்டுவிட்டு அப்பா அங்கே புல் வெட்டப் போவார். மெசினைத் தோளில் மாட்டி முடுக்கினால் கை அதிரும். அந்த அதிர்வில் வாட்ச்சுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும், துடிப்பு நூற்றைம்பது என்று அலறும். முதல் முறை தினேஸ்வரி கைகால் பதறி அழைத்தாள். “புல்லு வெட்டிக்கிட்டிருக்கேன்லா! உசுரோடதான் இருக்கேன், வையி போன!” என்று மெசின் சத்தத்துக்கு மேல் அப்பா கத்தினார். அவள் வேலை செய்யும் பல் கிளினிக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டாம் வாரமும் அழைத்தாள், மூன்றாம் வாரமும் அழைத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். புலி வருது புலி வருது என்றால் எத்தனை நாளைக்குத்தான் ஓடுவது? செய்திக்குக் கீழே ‘பார்த்துவிட்டேன்’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் காரணம் கேட்கும். ‘வேலை செய்கிறார்’ என்பதைத் தொட்டால் வாட்ச் அடங்கிவிடும். ரூபனுக்கும் அழைப்பு போகாது. பல் வலிக்காரர்களுக்கு வரிசை எண் கொடுத்துக்கொண்டே இடது கையால் தொடுவாள். பதினோரு சனிக்கிழமை அப்படித் தொட்டிருந்தாள். நேற்றோடு பன்னிரண்டு.

சும்மா இருந்திருந்தாலே போதும். கைப்பேசியை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாலும், பேட்டரி தீர்ந்திருந்தாலும், ரூபன் சுவரேறிக் குதித்து வந்திருப்பான். அக்கறையில்லாத மகளாக இருந்திருந்தால் அப்பா பிழைத்திருக்கலாம் என்பதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

காலையில் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியைத் திறந்து பார்த்திருந்தாள். எல்லாம் வரிசையாக இருந்தது. இரண்டு ஏழு: துடிப்பு அபாயம். இரண்டு ஒன்பது: வேலை செய்கிறார், உறுதி செய்தவர் தினேஸ்வரி. இரண்டு பதினைந்து: பதினெட்டு அடி நடை. நாற்காலியிலிருந்து வாசற்கதவுக்கு ஒன்பது அடி இருக்கும். கதவு வரைக்கும் போயிருக்கிறார், திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாற்பத்தொன்று: துடிப்பு இல்லை.

அழிக்க வழியிருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் அழித்திருப்பாள், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியொரு பொத்தான் எங்கேயும் இல்லை. டிரெஸர் எழுதிய வார்த்தையைத்தான் கிட்டத்தட்ட அவளும் எழுதியிருந்தாள். அவனுக்காவது ரப்பரும் பேனாவும் இருந்தன.

“உசுரு போன மணி சரியாத் தெரியணும்மா.”

அப்பாவு என்கிற பெரியவர் கேட்டார். தாமானில் யார் போனாலும் காரியம் செய்து வைக்கிறவர் அவர்தான். சவப்பெட்டியின் தலைமாட்டில் பஞ்சாங்கத்தை விரித்து வைத்திருந்தார்.

“நேத்து மத்தியானம் மூணு பன்னெண்டு வரைக்கும் ரேவதி. அதுக்குள்ள உசுரு போயிருந்தா ஆறு மாசம் அடைப்பு. அதுக்கப்பறம்னா அசுவினி. ஒன்னுமில்ல.”

ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால் போன இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும், யாரும் புழங்கக்கூடாது. அறைக்குள் போயிருந்தால் அறையைப் பூட்டிவிட்டு மற்ற இடத்தில் இருந்துகொள்ளலாம். ஹாலில் போனவருக்கு எதைப் பூட்டுவது? அந்த வீட்டில் சமையலறைக்குப் போவதானாலும் ஹால் வழியாகத்தான் போக வேண்டும். வீட்டையே பூட்ட வேண்டியதுதான்.

பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா தலை நிமிர்ந்தாள். “நான் எங்கயும் போவ மாட்டேன். இது அவரு வாங்குன வீடு. சாவுற வரைக்கும் இங்கதான் கெடப்பேன்.”

“யாரும்மா ஒன்ன போகச் சொன்னா,” என்றான் சுரேன். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்ததில் கண் சிவந்திருந்தது. “எதுக்குக் குழம்பணும்? வாட்ச் நிமிசக் கணக்கா எழுதியிருக்கும். போன் மாத்துனதுலேர்ந்து என் கிட்ட ஆப் இல்ல. அக்கா, நீ பாரு.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கைப்பேசியை எடுத்தாள். இரண்டு நாற்பத்தொன்றும் இரண்டு ஒன்பதும் ஒரே திரையில் இருந்தன. சுரேன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பார்க்க வந்தான்.

“மூணு இருவது,” என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைத் தொடைமேல் கவிழ்த்து வைத்தாள்.

சுரேன் நின்றுவிட்டான். அப்பாவு பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டினார். “அசுவினி பொறந்து எட்டு நிமிசம். தப்பிச்சோம்மா. அடைப்பு இல்ல.”

“மனுசன் நல்ல மனுசன், போறப்பகூட யாருக்கும் சங்கடம் வைக்கல,” என்றாள் வந்திருந்தவர்களில் ஒருத்தி. சுரேனுக்கு அழுகைக்கு நடுவிலும் வாட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் பெருமை. “நிமிசம் தவறாது,” என்றான். தினேஸ்வரி மூச்சு விட்டாள். அம்மாவுக்காகத்தான் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது கால்வாசிதான் உண்மை.

“மூணு இருவதா?” என்றாள் அம்மா.

அப்பாவு ஆமென்று தலையாட்டினார்.

“மூணு மணிக்கே நான் எழுந்துட்டேனே.” அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “மூணு மணிக்கே பொறப்பட்டேன். டீ கலக்கியாச்சி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கன்னு ஷர்மினி அம்மாதான் கையப் புடிச்சி ஒக்கார வெச்சா. எட்டு நிமிச நட. மூணு எட்டுக்கு வந்திருப்பேன். உசுரோடதான இருந்திருக்காரு?”

“அம்மா, அப்படியெல்லாம் பேசாத,” என்றான் சுரேன்.

“ஒரு டீத்தண்ணிக்கி ஆசப்பட்டு அந்த மனுசன வுட்டுட்டேனே! தவிச்சிருப்பாரே, தண்ணி கேட்டிருப்பாரே!” அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு மறுபடியும் அடித்தாள். வெறும் அழுகையாக இருந்தால் ஓய்ந்துவிடும். இது ஓயாது, இனி ஒவ்வொரு டீக்கும் வரும் என்று தினேஸ்வரிக்குத் தெரிந்தது.

மகள் பிழைக்கத் தாய் தலையில் கொள்ளியை வைத்தாயிற்று. இதற்கு டிரெஸரே தேவலை, அவன் அன்னியன்.

“அம்மா.” எழுந்து போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “மூணு இருவது இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன். ரெண்டு நாப்பத்தொன்னு.”

அம்மாவின் கைகள் நின்றன.

“நீ டீ குடிக்காம வந்திருந்தாலும் அப்பா இல்லம்மா. ஒன் மேல ஒன்னுமில்ல.” நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னாள். “ரெண்டு ஏழுக்கே எனக்கு மெசேஜ் வந்திச்சி. பாத்தேன். சனிக்கெழமதானே, புல்லு வெட்டுறாருன்னு நெனச்சி, வேலை செய்யிறாருன்னு அமுக்கிட்டேன். நான் அமுக்காம இருந்திருந்தா அஞ்சு நிமிசத்துல ரூபனுக்குக் கால் போயிருக்கும்.”

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ரூபன் அப்படியே நின்றான். “நான் வீட்டுலதான்க்கா இருந்தேன்,” என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அவனுக்கும் நம்ப முடியவில்லை. “போன் கையிலயேதான் இருந்திச்சி.”

சுரேன் “அக்கா” என்று ஆரம்பித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். மகளின் முகத்தை, எங்கேயோ பார்த்த முகம் யாருடையது என்று யோசிப்பவள் போலப் பார்த்தாள்.

“மெசினு ரிப்பேர்ல கெடக்குன்னு வியாழக்கெழமயே ஒங்கிட்டச் சொன்னேனேம்மா,” என்றாள்.

சொல்லியிருந்தாள். ‘இந்த வாரம் ஒங்கப்பாவுக்கு லீவுதான், வீட்டுலயே ஒக்காந்து என் உசுர எடுக்கப் போறாரு’ என்று சிரித்தாள். தினேஸ்வரி கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ம், சரிம்மா, ம், சரிம்மா என்று நாலு தடவை சொன்னதும் நினைவிருக்கிறது.

அம்மா தன் கைகளை மெல்ல உருவிக்கொண்டாள்.

“அப்ப ரேவதிதான்,” என்று அப்பாவு தணிந்த குரலில் சொன்னார். “பதினாறு முடிஞ்சதும் வீட்ட அடைச்சிருவோம்.” பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, “நேரமாச்சி, தண்ணி எடுத்துட்டு வாங்கப்பா,” என்றார்.

பதினாறு நாளும் தினேஸ்வரி விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். சமைத்தாள், வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள், அப்பாவின் சட்டைகளை மடித்துக் கட்டினாள். அம்மா அவளோடு பேசாமல் இல்லை. உப்பு எங்கே என்று கேட்டாள். ஈரத் தலையோடு நிற்காதே என்றாள். இரண்டு ஒன்பதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. திட்டுவாள் என்று தினேஸ்வரி தினமும் காத்திருந்தாள். திட்டினால் காலில் போய் விழுந்து அழுதுவிடலாம். அதற்கு இடமே கொடுக்கவில்லை. அப்புறம் அவள் மனம் தனக்குச் சாதகமாக வேறு கணக்குப் போட ஆரம்பித்தது. உப்பு கேட்கிறாளே, கோபம் இருந்தால் கேட்பாளா?

ஒருநாள் சுரேன் சமையலறைக்கு வந்தான். “கீழ எழுதலாம்கா,” என்றான். “அழிக்கத்தான் முடியாது.”

அன்று கைப்பேசியைத் திறந்து, இரண்டு ஒன்பதுக்குக் கீழே இருந்த கட்டத்தில் எழுதினாள்: ‘தவறு. அவர் புல் வெட்டவில்லை. வீட்டில் தனியாக இருந்தார். எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.’ பதிவாகிவிட்டது என்று ஒரு சின்ன ஒலி வந்தது. இனி அந்த இரண்டு வரிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக, யாருக்கும் தெரியாத ஆயிரம் கணினிகளில், எல்லோரும் செத்த பிறகும் இருக்கும். அப்பாவுக்குப் பிடித்திருக்கும். அவருக்காவது பிடித்திருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அரிசி களைகிற குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அம்மா ஆறு மாதமும் ஈப்போவில் இருப்பது என்று பேச்சு. தினேஸ்வரி கல்யாணம் செய்துகொள்ளாதவள். இரண்டு அறை உள்ள தரைத்தள வீடு, ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. சுரேனுக்கு ஜொகூரில் பதினாலாவது மாடி, இரண்டு சின்னப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு ஒரே கட்டிலில் படுக்க வேண்டும். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நடுவில் ஒருநாள் தினேஸ்வரி ஈப்போ போய், கழிவறைச் சுவரில் பிடிமானக் கம்பி அடித்து, மெத்தைக்குப் புது உறை போட்டுவிட்டு வந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அப்பாவு ஹாலில் விளக்கேற்றி, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார். எல்லோரும் விளக்கைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து வெளியே வந்தார்கள். அம்மாதான் கதவைப் பூட்டினாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாசலில் இரண்டு கார்கள் நின்றன. தினேஸ்வரி முன்னால் நின்ற தன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அம்மாவின் துணிப்பை காலையிலேயே அவள் காரில் ஏறிவிட்டது.

அம்மா படியிறங்கினாள். திறந்திருந்த கதவைத் தாண்டி நடந்தாள். சுரேனின் காரில் பின்கதவைத் தானே திறந்து, பிள்ளைகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில், ஒடுங்கி உட்கார்ந்தாள்.

சுரேன் அக்காவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். “அம்மா, ஜொகூர் ரொம்ப தூரம்லா. ஆறு மணி நேரம். ஒன் முட்டிவலிக்கு…”

“நீ வண்டிய எடுய்யா,” என்றாள் அம்மா.

தினேஸ்வரி துணிப்பையை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் வழியாக நீட்டினாள். “மாத்திர சைடு ஜிப்புல இருக்கும்மா. ராத்திரிக்கு வெள்ள மாத்திர.”

அம்மா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “ம்,” என்றாள்.

கார் தெருமுனையில் திரும்பியது. ரூபன் வீட்டுக்குள் போய்விட்டான். தினேஸ்வரி தன் காருக்கு வந்தாள். பக்கத்துச் சீட்டை அம்மாவின் முழங்காலுக்கு வசதியாக முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகுக்கு ஒரு சின்னத் தலையணையும் வைத்திருந்தாள். தலையணை லேசாகச் சரிந்திருந்தது. கையை நீட்டி அதை நேராக வைத்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.